கம்பிக்குக் கீழே இரண்டு கை

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கு உன் முழங்கால் வலியும் மச்சானின் இருமலும் குறைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னதுதான். உன் பையன் அலுவலக வேலையை உதறிவிட்டு, "ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் ஆகப்போறேன் மாமா" என்று வந்து நின்ற அன்றைக்கே, அடுத்தவன் பிள்ளையை அந்தரத்தில் தொங்கவிட்டுத் தின்கிற சோறு தொண்டையில் நிற்கும்டா என்றேன். கேட்டானா? இரண்டு வருஷம் மெத்தை தூக்கி, தரை துடைத்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். பாதிப் பாடம் நான் சொல்லிக்கொடுத்தது என்று வைத்துக்கொள். படிப்பு எட்டாவதோடு நின்றாலும் உடம்புக் கணக்கு எனக்குத் தெரியாததா? அந்த வேலையே கையில்தான் இருக்கிறது. பிள்ளை மேலே கம்பியில் சுற்றும்போது இவன் கீழே இரண்டு கையையும் ஏந்தி நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. "நான் இருக்கேன், சுத்து" என்பான், அதுகளும் நம்பிச் சுற்றும். இதை நான் ஊரெல்லாம் சொல்லி வைத்ததில் எங்கள் தெருக் கடிகாரக் கடைக்காரர் நேரில் பார்த்தே தீருவேன் என்று என் காலில் விழாத குறை. போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வேலை பார்க்கிற கிளப்புக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் வாசலில் கால் வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தன் கை தனக்குத் தெரியாத இருட்டு. மேலே கம்பியில் இருந்த பெண்ணுக்கு ஒன்பது வயசு. ஈரத்துணி மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முழங்கையை இரண்டு தடவை அறுத்து ஆணி வைத்தார்கள். மூன்று விரல் மடங்கவில்லை, இனி மடங்காதாம். ஒரு கூடை பழத்தோடு போனேன். அவள் அப்பா, "வாசல்லயே வச்சிட்டுப் போங்க" என்றார்.

நேற்று கிளப்பில் விசாரணை. நானாகவே எழுந்து கரண்ட் விஷயத்தைச் சொன்னேன், ஊரே இருண்டது என்று கொஞ்சம் அழுத்தியும் சொன்னேன். எட்டு ஜன்னல் உள்ள கூடம் காலை பத்து மணிக்கு எப்படி இருட்டும் என்று செயலாளர் கேட்டார். மேகம் என்றேன். நம் பிள்ளை எழுந்தான்.

"கரண்ட் போகல சார். நான்தான் கண்ண எடுத்துட்டேன்."

"ஏம்ப்பா எடுத்தே?"

என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறாய், அது மச்சான் வழி. அடுத்த வியாழன் தீர்ப்பு. லைசென்ஸைப் பிடுங்கினால் எந்தக் கூடத்திலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். இங்கே என் வீட்டில், தட்டில் சோறு ஆற ஆற, இரண்டு கையையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். நீ கவலைப்படாதே, நான் இருக்கிறேன்.

எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு: கரண்ட் போகவில்லை. வாசலில் இருந்து, "மாப்ளே, இங்க பாரு, யாரு வந்திருக்காங்கன்னு" என்று கூப்பிட்டது நான். கடிகாரக் கடைக்காரர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. மாமா குரல் கேட்டால் திரும்புகிற பையன் அவன், சின்ன வயசிலிருந்தே. இந்தத் துண்டை மட்டும் கிழித்து, வியாழனுக்குள் செயலாளர் கைக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பு. நானே நேரில் போனால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லிவிடுவேன்.