காரின் மூக்கில் வைத்த பொட்டு

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் போனில் பதினேழு வீடியோ பார்த்துவிட்ட ஆண்பிள்ளை அப்படிச் சொல்வானா? சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று பேர் கை மாறி என்னிடம் வந்த ஒரு பெட்ரோல் காரும் இருந்தது. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. (அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை போல.) கம்பெனிக்காரன் வைத்த ஏர் ஃபில்டர் டப்பா என்ஜினை மூச்சுவிட விடாது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமான குழாயும் திறந்த கூம்பு ஃபில்டரும் போட்டால் வண்டி சிங்கம் மாதிரி உறுமும் என்று வீடியோக்காரர்கள் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஆர்டர் போட்டேன். சாமான் சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது.

மறுநாள் ஞாயிறு. தென்காசியில் என் மனைவி கோமதிக்கு அரசு வேலைக்கான தேர்வு. (எங்கள் ஊரில் தெருவில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் நாலு பெண்கள் திரும்புவார்கள். எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பெயர்.) அவளுக்கு அது நான்காவது முறை. சோறு வடிக்கும்போது ஒரு கை புத்தகத்தில், மகளுக்குத் தலை பின்னும்போது ஒரு கண் புத்தகத்தில் என்று ஒரு வருடம் படித்திருந்தாள். "இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

நான் பானட்டைத் திறந்துவைத்து நிற்பதைப் பார்த்து வெளியே வந்தாள்.

"நல்லா ஓடுத வண்டியில எதுக்கு இப்பம் கை வைக்கிய? விடிஞ்சா பரீட்சை."

"நாளைக்குப் பாரு. தென்காசிக்குப் பறந்து போவோம்."

"பறக்க வேண்டாம். போய்ச் சேர்ந்தாப் போதும்."

பழைய டப்பாவைக் கழற்றினேன். அதிலிருந்த சின்னக் கறுப்பு சென்சாரை எடுத்துப் புதுக் குழாயில் பொருத்தினேன். புதுச் சாமான் ஆயிற்றே, சும்மா மாட்ட முடியுமா? முறைப்படி ஒரு பொட்டும் வைத்தேன். பிறகு கூம்பைச் செருகி, கிளாம்பை முறுக்கி, சாவியைத் திருப்பினேன்.

சிங்கம் உறுமவில்லை. ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவது மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் விட்டால் என்ஜின் ஒரே சீராக ஓட வேண்டும். என் வண்டியோ குலுங்கியது, முக்கியது, டாஷ்போர்டில் முள் ஏறி இறங்கியது, பொசுக்கென்று அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன். திரும்ப அணைந்தது.

கலங்கிவிடுவேனா? வீடியோ பதினெட்டு: கிளாம்பு லூசாக இருக்கும். இறுக்கினேன். வீடியோ பத்தொன்பது: பேட்டரி வயரைக் கழற்றிக் கால் மணி நேரம் விட்டால் என்ஜின் பழசை மறந்துவிடும். கழற்றி மாட்டினேன். கார் கடிகாரம்தான் மணியை மறந்தது. அடுத்ததாகப் பெட்ரோலைக் குறை சொன்னேன். அதற்கும் அடுத்ததாக வெயிலை. ஆறு மாதமாக அடித்துக்கொண்டிருந்த வெயில், பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"என்ன இது, சாமி வந்த மாதிரி ஆடுது?" என்றாள் கோமதி.

"புதுசுல்லா. செட் ஆவணும். ஓடினாச் சரியாயிரும்." இந்தப் பொய்யை நான் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்.

ஞாயிறு காலை அவள் பஸ்ஸில் போகிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. காரில் வந்தால் வழியெல்லாம் படிக்கலாமே என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனேன். ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். நாங்கள் ஏழுக்குக் கிளம்பினோம். ஓட்டத்தில் வண்டி எப்படியோ சமாளித்தது. வேகத்தடை வந்தால் அணைந்தது. மாடு குறுக்கே வந்தால் அணைந்தது. ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அணைந்துவிடக் கூடாதே என்று ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து நான் உறுமவிட்டதில், முன்னால் நின்ற தென்காசி பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன.

ரயில் போனது. கேட் திறந்தது. பஸ் போனது. என் கார் மட்டும் அணைந்தது.

பின்னால் ஒரே ஹாரன். நான் சாவியைத் திருப்பத் திருப்ப, வண்டி இரண்டு மூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. கோமதி இறங்கினாள். ஹால் டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, இஸ்திரி போட்ட பருத்திச் சேலையோடு காரைத் தள்ள ஆரம்பித்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ அழாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ் எட்டேகாலுக்கு. அதில் போனால் மூடிய கேட்டைத்தான் பார்க்கலாம்.

அப்போதுதான் செய்யது வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். பத்து வருடம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போது ஊரில் அதே வேலை பார்க்கிறான். பைக்கின் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடையநல்லூருக்குப் போய்க்கொண்டிருந்தவன், கோமதி தள்ளுவதைப் பார்த்து பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தான்.

"ஏலே, தங்கச்சியத் தள்ளவிட்டுட்டு நீ உள்ள சொகுசா உக்காந்திருக்கியா?"

பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். அவன் மணியைப் பார்த்தான்.

"இருபது நிமிஷம் பாக்கேன். ஆவலன்னா சிலிண்டரை இங்கனயே இறக்கிவச்சிட்டுத் தங்கச்சிய பைக்ல நான் கொண்டுபோய் விடுதேன். கவலப்படாதம்மா."

கோமதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாயிலிருந்த ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்தாள்.

செய்யது பானட்டைத் திறந்தான். "எப்பல இருந்து இப்படி?" என்றான். "இந்தக் குழாய் மாட்டினதுல இருந்து. பெட்ரோல்தான் சரியில்ல போல" என்றேன். "அப்பம் இந்தக் குழாயிலதாம்லே கோளாறு. இதுக்கு எதுக்குப் பெட்ரோலைத் திட்டுத?" என்று சொல்லிக்கொண்டே கிளாம்பைத் தளர்த்தி, சென்சாரை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஏலே மக்கா, இதுல என்னல மண்ணு அப்பியிருக்கு?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"எவ்வளவு காத்து உள்ள போவுதுன்னு என்ஜினுக்குச் சொல்லுத கம்பிடா இது. தலமுடிய விட மெலிசு. இதுல எவன் மண்ணைக் குழச்சுப் பூசினது?"

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் கோயிலில் புற்றுமண் பிரசாதம் தருவார்கள். வயிற்றுவலி, தேமல், சிரங்கு, பிள்ளை அழுவது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் முதல் வைத்தியம் அதுதான். நெற்றியில் பூசுவோம், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவோம். வெளியே வைத்தால் மழையில் போய்விடுமே என்று புதுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் அந்தச் சென்சார், கர்ப்பக்கிரகத்தில் சாமி நிற்பது மாதிரி தனியாக நின்றது. பக்திப் பரவசத்தில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அதற்கே ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அதன் நடுவில் திறந்திருந்த சின்ன ஓட்டையை நெற்றி என்று நினைத்தேன். (என் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியை எவனாவது விபூதிக் கையோடு தொட்டால் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவன் நான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

செய்யது சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய பிரஷ்ஷை எடுத்தான். சட்டைப் பையிலிருந்த சிட்டையில் ஒரு தாளைக் கிழித்து என் கையில் விரித்து வைத்தான். காய்ந்த மண்ணைத் துளித்துளியாக அந்தத் தாளில் தட்டினான்.

"அப்படியே கீழ உதறேன்ல, நேரமாவுது" என்றேன்.

"நீங்க கும்பிடுத மண்ணுல்லா. ரோட்டுல உதறச் சொல்லுதியா? சும்மா பிடில."

நான் இரண்டு கையாலும் பிடித்தேன். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போன அந்த ரோட்டோரத்தில், அந்தத் தாளிலிருந்து ஒரு பொடிகூடக் கீழே விழவில்லை. அதை நாலாக மடித்துக் கோமதியிடம் கொடுத்தான். பிறகு ஏசி சர்க்யூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயைச் சென்சாரில் அடித்துக் காயவிட்டு, திரும்ப மாட்டிவிட்டு, "இப்பம் போடு" என்றான்.

சாவியைத் திருப்பினேன். ஒரு செருமல். பிறகு சத்தத்தையே காணோம். சரி, திரும்பவும் அணைந்துவிட்டது என்று இன்னொரு முறை திருப்பினேன். கர்ர்ரென்று பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம்.

"ஓடிட்டுத்தாம்ல இருக்கு, கூறுகெட்டவனே! கைய எடு!"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் முழுக்கக் குலுக்கலையே கேட்ட என் காதுக்கு அது தெரியவில்லை. கோமதி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினாள். செய்யதைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னைப் பார்த்து, "வண்டிய விடுங்க" என்றாள். அவ்வளவுதான். எட்டு ஐம்பத்திரண்டுக்கு மையத்துக்குள் போனாள்.

பாஸாகிவிட்டாள். இப்போது வாசுதேவநல்லூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்தக் காரைத் தினமும் அவள்தான் ஓட்டிப் போகிறாள். கம்பெனி டப்பாவே திரும்ப ஏறிவிட்டது. என் கூம்பு ஃபில்டர் கடையில் பேனா செருகி வைக்க உதவுகிறது. செய்யது வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, "பேனா எல்லாம் இப்பம் நல்லா மூச்சுவிடுதாலே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். கேட்கட்டும். அவனுக்கு நான் என் ஆயுளுக்கும் கடன்பட்டவன். அந்தக் காலையில் அவன் வேறு ரோட்டில் போயிருந்தால் என் வீட்டுப் புத்தகங்கள் எடைக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு கோமதி என்னை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டாள் என்பதுதான் எனக்கு இன்றும் பயம்.

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும், நெட் வரவில்லை என்றாலும் மகள் என்னைத்தான் விசாரிக்கிறாள்: "அப்பா, பொட்டு வச்சியளா?" போன ஆயுத பூஜைக்குக் குங்குமக் கிண்ணத்தோடு நான் காரை நோக்கிப் போனதும் கோமதி ஓடிவந்து பானட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வைக்கணும்னா இங்க வைங்க" என்று நெற்றியைக் காட்டினாள். தெருவே பார்த்துச் சிரித்தது. நான் வைத்தேன்.