ஸ்டிக்கர் விலைக்கு மேலே ஒரு சதம்

"கண்ணாடியில ஒட்டியிருக்கிற விலைக்கு மேல ஒரு சதம் நான் குடுத்தா, அந்தக் கார் உன் பேருக்கு!"

என் மனைவி ரெங்கம்மாவிடம் இப்படிச் சபதம் செய்தேன். பக்கத்து வீட்டு றஷீதாவும் அங்கே இருந்தாள். சபதம் என்றால் சாட்சி வேண்டாமா?

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்று, சேமலாப நிதி கைக்கு வந்திருந்த நேரம். பதுளையில் ஒரு ஷோரூமில் சின்ன வெள்ளைக் கார் நின்றது. ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தேன்.

துணிச்சல் தொழிலில் வந்தது. நான் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையாகத் தொடங்கியவன். தராசு இருபது கிலோ காட்டினால் பதினேழுதான் எழுதுவேன். சாக்குக்கு ஒரு கிலோ, மழைத் தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிவு. எழுதியிருக்கும் கணக்கிலிருந்து கழிக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. எனக்குத் தெரிந்த கணிதம் இவ்வளவுதான்.

"என் கொழுந்துலயே ரெண்டு கிலோ கழிச்ச மனுசன்தானே நீங்க!" என்றாள் ரெங்கம்மா. அந்தக் காலத்தில் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், நான் அவளைக் காதலித்துக்கொண்டிருந்தேன். காதல் வேறு, கடமை வேறு.

"அது மழைத் தண்ணி புள்ள."

"அன்னைக்கு நல்ல வெயிலுங்க."

மூன்று மாதம் யோசித்து, நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். சாட்சியும் கூடவே வந்தாள். ஷோரூமில் ஷுக்ரி என்ற விற்பனையாளர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"தம்பி, இந்த ஆறு தொண்ணூறுல எவ்வளவு கழிப்பீங்க?"

"கழிக்கவா? கூட்ட வேணும் சேர்."

"என்னத்தக் கூட்ட?"

"இது கார் மட்டும். வரி வேற. பதிவு வேற. இன்சூரன்ஸ் வேற. கொழும்புல இருந்து மலையேத்தின செலவு வேற. நம்பர் பிளேட் வேற."

"கால் வைக்கிற கார்ப்பட்டாவது சும்மா குடுப்பீங்களா?"

"கார்ப்பட் சும்மாதான் சேர். போடுற கூலி வேற."

"இதையெல்லாம் ஏன்யா ஸ்டிக்கர்ல போடல?"

"போட்டிருக்கே சேர்!"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். கொட்டை எழுத்துக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: 'வரியும் ஏனைய செலவுகளும் நீங்கலாக.' மொத்தம் எட்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம். எனக்குத் தேத்தண்ணி புரையேறியது.

ரெங்கம்மா என் காதோரம் குனிந்தாள்.

"உங்க வாக்கு கெடக் கூடாதுங்க. ஸ்டிக்கர்ல உள்ளத நீங்க கட்டுங்க. மேல உள்ளத என் சீட்டுக் காசுல நான் கட்டிர்றேன்."

என் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மகராசியிடமா ரெண்டு கிலோ கழித்தேன்! என் பங்கைக் கட்டிவிட்டு, பதிவுப் பாரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

"நீங்க இல்ல சேர், அம்மா," என்றார் ஷுக்ரி. "பதிவுக் காசு கட்டினது அவங்க. அவங்க பேர்லதான் போடச் சொன்னாங்க."

"அடியே! ஏழு லட்சத்துக்குக் கிட்ட கட்டுனது நானு!"

"ஆமாங்க. ஸ்டிக்கர்ல உள்ள கார் உங்களோடதுதான். அதுக்கு நம்பர் இல்ல, பேர் இல்ல, ரோட்டுல எறங்க உரிமையும் இல்ல. அதெல்லாம் நான் வாங்கினது."

"நான் மேல ஒரு சதமும் குடுக்கலையே! சபதத்துல செயிச்சேனா இல்லையா?"

"செயிச்சிட்டீங்க. மேல குடுத்தா என் பேருன்னு சொன்னீங்க. குடுக்காட்டி யார் பேருன்னு சொன்னீங்களா?"

"சொல்லல்ல," என்றாள் றஷீதா. "நான்தானே சாட்சி."

பத்து நாளில் நம்பர் வந்தது. காரை எடுக்க மூவரும் போனோம். ரெங்கம்மா நேராகப் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்க சபதம் போட்ட மறுநாளே றஷீதாவோட கார் ஓட்டப் பழகப் போயிட்டேன். லைசன்ஸும் வந்திருச்சு."

பக்கத்து சீட்டில் ஏறக் கதவைத் திறந்தேன். அங்கே றஷீதா இருந்தாள்.

"பின்னால ஏறுங்க," என்றாள் ரெங்கம்மா.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பஸ்ல வர்றேன்!" என்றேன். கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"சரிங்க," என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கியபடி வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் புதுக் கார் நின்றது, அதைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எனக்காகக் காத்திருந்தன.