பிரீவீலை அடைத்த கதை

ஒரு நல்ல மனிதரை, அவருடைய கால்களே அவர் பேச்சைக் கேட்பதில்லை என்று மூன்று நாட்கள் நம்பவைத்தவன் நான். அவர் என் தாய்மாமன். எனக்கு மாமனாராக வரவிருந்தவரும் அவர்தான்.

அறுபதுகளில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. (புத்தி அதில் பாதி என்பது அம்மாவின் கணக்கு.) பக்கத்து மைதானத்தில் ஒருவர் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றினார். பின்பக்கமாகவும் ஓட்டினார். வண்டியை அசையாமல் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தே சவரம் செய்துகொண்டார். ரகசியம் கேட்டேன். பிரீவீலை அடைத்துவிட்டதாகச் சொன்னார். நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தன்பாட்டுக்கு ஓடவிடுகிற பல்சக்கரம்தான் பிரீவீல். அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டியும் பின்னால் போகும்.

மறுநாளே என் சைக்கிளுக்கு வெல்டிங் வைத்தேன். ஒரு வாரப் பயிற்சியில் பின்பக்கமாக நான்கடி ஓட்டி, சாக்கடையில் விழக் கற்றுக்கொண்டேன். (நான்கடி என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பல்லடத்திலிருந்து வந்தார். தன் மகள் சரஸ்வதிக்கும் எனக்கும் முகூர்த்தம் குறிக்க ஜோசியரைப் பார்க்க வேண்டும். வாசலில் பளபளவென்று நின்ற என் சைக்கிளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"வண்டியவே இப்பிடித் தொடச்சு வெச்சிருக்கறவன், என்ற புள்ளைய நல்லா வெச்சுக்குவான்."

சாக்கடைச் சேறு போகத்தான் அதைத் துடைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. "வண்டியக் குடு கண்ணு, ஒரு எட்டு ஜோசியரப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று அவர் கேட்டபோதும் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பொறுப்பானவன் என்று சொல்லியிருந்தார்.

"பாத்து, மெதுவாப் போங்க மாமா" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டி, இடது காலைப் பெடலில் வைத்துத் தள்ளினார். பெடல் தானாக மேலெழுந்து அவரைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தது. "நல்லா எண்ண போட்டிருக்கான்" என்று அம்மாவிடம் பாராட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீதி முடியும் இடத்தில் நல்ல இறக்கம். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. மாமாவும் நிறுத்தினார். பெடல்கள் நிறுத்தவில்லை. பிரேக் பேருக்குத்தான் இருந்தது. நான் பின்னால் ஓடினேன். கல்யாணப் பந்தியில்கூட அவசரப்படாத மனிதருடைய கால்கள் தையல் மிஷின் ஊசிபோல ஏறி இறங்கின. அவர் கத்தவில்லை. தலையைக் குனிந்து தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு போனார்.

இறக்கத்தின் அடியில் சலவைப் பட்டறை. பனியன் துணியை வெளுத்து வரிசையாகக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். மாமா மூன்று வரிசைகளைக் கடந்து நான்காவதில் விழுந்தார். வேட்டி செயினோடு போய்விட்டது. அவரைச் சுற்றி ஈரத் துணி மட்டும் இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் அருகில் வந்து, "ஏனுங்க, உங்கள யாராச்சும் வெரட்டுனாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "நான் நிறுத்திப்போட்டேன் கண்ணு. காலுதான் நிக்கல" என்றார். பிறகு, "உன்ற வண்டியக் கெடுத்துப்போட்டனே" என்றார்.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தோம். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு காலாக நீட்டி, மடக்கி, அது சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று காப்பி கொடுப்பேன். இரண்டாம் நாள் அம்மாவை அழைத்தார். "நரம்புல ஏதோ கோளாறாட்ட இருக்குது. நான் நடமாடறப்பவே கல்யாணத்த முடிச்சுப்போடலாம்."

என் பொய்க்குப் பரிசாகக் கல்யாணம் முன்னதாக வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், மாமாவைக் கோயமுத்தூர் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போக சரஸ்வதி வந்தாள். கொல்லையில் வழியை மறித்து நின்ற சைக்கிளை முன்னால் தள்ளினாள். பெடல் சுற்றி வந்து அவள் கணுக்காலில் அடித்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி சுற்றியது. என்னைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க தானாச் சுத்துது?"

சொன்னேன். அவள் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் எங்க அய்யன்கிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். மாமா வண்டியைக் கட்டில் பக்கம் கொண்டுவரச் சொன்னார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும்படி எனக்குச் சைகை காட்டி, பிறகு நல்ல கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். பெடல் சுற்றியது. நிறுத்தினார், நின்றது. ஐந்தாறு முறை அப்படிச் செய்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். கண்ணில் தண்ணீர். அதைத் துடைத்துவிட்டு, "மூணு நாளு" என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரஸ்வதிதான் தீர்ப்பு சொன்னாள்: "கட்டு அவுக்கறவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாங்க. அப்பறம் யோசிக்கறேன்." அதுவரை மாமாவை வைத்தியரிடம் நான்தான் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோனேன், புது பிரீவீல் மாட்டி. ஒவ்வொரு இறக்கத்திலும், "கால நிறுத்திக் காட்டு" என்பார். நிறுத்துவேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சரி, போ" என்பார்.

கட்டு அவிழ்ந்து இரண்டு மாதம் யோசித்த பிறகுதான் சரஸ்வதி சம்மதித்தாள். மாமா இன்றில்லை. அவர் கதை இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும், "மொதல்ல அவரு என்ன பண்ணுனாருன்னு கேளுங்க" என்று என்னைக் கைகாட்டுவார்கள்.

போன மாதம் எனக்கே முழங்கால் வலி. டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, "எத்தன நாளா இருக்குது?" என்றார். "மூணு நாளா இருக்குதுங்க" என்றேன்.

"இவரு மூணு நாளுன்னா நம்பாதீங்க சார்" என்றாள் சரஸ்வதி.