ஹெட்டர் தனி, சோர்ஸ் தனி

"எல்லாமே செவப்புங்க," என்றாள் ஷைமா.

கிருபாசங்கர் திரையைப் பார்த்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். காலையில் ஒன்றுகூட இல்லை.

சிங்காநல்லூரில் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியின் மென்பொருள் பிரிவு என்றால் இவர்கள் இரண்டு பேர்தான். மோட்டாரை இயக்கும் பெட்டிக்கு அவன் நிரல் எழுதுவான்; அவள் சோதிப்பாள். வேலை நடப்பது சோர்ஸ் ஃபைல்களில். அந்த வேலைகளின் பெயர்களும் அளவுகளும் இருப்பது ஹெட்டர் ஃபைல்களில். ஆறு வருடமாக இரண்டும் கலந்தே கிடந்தன. யாரும் ஏனென்று கேட்டதில்லை.

இன்று காலை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலாளி குமாரசாமியின் குரல் வந்தது. "ஹெட்டர் ஃபைலும் சோர்ஸ் ஃபைலும் ஒண்ணாக் கெடக்குதுங்க. தனித்தனியாப் பிரிச்சு வெச்சுப்போடுங்க. மூணு மணிக்குப் பாக்கறதுக்கு ஆளுக வாராங்க."

கிருபாசங்கருக்குப் புல்லரித்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரை அணைக்கிற மனிதர், ஹெட்டரைப் பற்றிப் பேசுகிறார்!

"நம்ம வேலையையும் ஒருத்தரு கவனிக்கறாருங்க ஷைமா!"

ஹெட்டர்களையெல்லாம் அள்ளிப் புது ஃபோல்டரில் போட்டான். 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. வந்த உற்சாகத்தில் 'ஆம்' என்று தட்டினான். ஹெட்டர்கள் இடம் மாறியது சோர்ஸ்களுக்குத் தெரியாததால்தான் அத்தனை சிவப்பு. புது இடத்தின் வழியைச் சொல்லிக் கொடுத்ததும் திரை பச்சையானது. ஷைமா சோதனையைத் தொடங்கினாள்.

ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. அன்னூர் விவசாயி பாலுசாமி.

"ஏனுங்க, கெணத்துல தண்ணி இல்லீன்னு மெசேஜ் மேல மெசேஜா வருதுங்க. நான் கெணத்து மேட்டுலதான் நிக்கறேன். ததும்பிட்டுக் கெடக்குது!"

ஷைமா ஃபோல்டரைப் பார்த்தாள். "ஒரே பேருல ரெண்டு ஹெட்டர் இருந்துதுங்க. நம்ம சோதனை போன் நம்பர் இருந்தது போயிருச்சு. வாடிக்கையாளருங்க நம்பர் இருக்கறதுதான் மிச்சம், சோதனை மெசேஜெல்லாம் அவிங்களுக்குப் போகுது."

அவசரமாக எல்லாருக்கும் 'உங்கள் மோட்டார் நன்றாக ஓடுகிறது' என்று ஒரு செய்தி தட்டிவிட்டான் கிருபாசங்கர்.

மறுபடியும் பாலுசாமி. "மோட்டாரைக் கழட்டி நேத்துத்தானுங்க உங்க கம்பெனிக்கு ரிப்பேருக்கு அனுப்பிச்சேன். அது எங்கீங்க ஓடுது?"

"பழையபடியே மாத்திப்போடலாமுங்க," என்றாள் ஷைமா.

"வர்றவங்க முன்னாடி முதலாளி தலை குனியோணுமா?"

போன ஹெட்டரை நினைவிலிருந்து புதிதாக எழுதினான். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் அளவில் ஒரு பூஜ்யம் கூடிப்போனது. அறை மூலையில் இருந்த சோதனை மேடையில் மோட்டார் நிற்கவே இல்லை. தொட்டி வழிந்து அறைக்குள் தண்ணீர் வந்தது. ஷைமாவின் டிபன் பை மேசைக்கடியிலிருந்து மிதந்து வாசல் பக்கம் கிளம்பியது.

"சோறு போகுதுங்க!" என்று அவள் அதன் பின்னால் ஓடினாள்.

கிருபாசங்கர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நாற்காலிமேல் சம்மணமிட்டு, ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தான். சாப்பிடவில்லை. இரண்டே முக்காலுக்கு எல்லாம் பச்சை. ஹெட்டர் ஒரு ஃபோல்டரில், சோர்ஸ் ஒரு ஃபோல்டரில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. தலை சீவி, லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவன் அறையைத் தாண்டி நேராகப் போய்விட்டார்கள்.

அரைமணி கழித்து முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் அசந்துபோயிட்டாங்க கண்ணு! ரெண்டையும் என்னமாப் பிரிச்சு வெச்சிருக்குது!"

"நான் இன்னும் காட்டவே இல்லீங்களே?" என்றான் கிருபாசங்கர்.

முதலாளிக்குப் பின்னால், ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள் தலையெல்லாம் தூசியோடு நின்றிருந்தாள்.

"நீங்க என்னத்தக் காட்டறதுங்க தம்பி? தண்ணியப் பிரிச்சு உடற ஹெட்டர் பைப் வரைபடத்து ஃபைலை எல்லாம் நீல பீரோவுலயும், தண்ணி எடுக்கற கெணறு, போர்வெல் சோர்ஸ் ஃபைலை எல்லாம் பச்ச பீரோவுலயும் ஒத்தை ஆளா நாந்தானுங்க அடுக்கினேன். ஒரு கை புடிக்கறதுக்கு வருவீங்கன்னு காத்தாலருந்து பாத்துட்டே இருந்தனுங்க!"