டேப் சாரின் கைராசி

சிரிப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள். ஆனால் அது இப்போது வராது. கதையின் கடைசியில், சமையலறைச் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறது. அதுவரை டேப் சாரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறாள்!

டேப் சார் என்பது தெரு வைத்த பெயர். சட்டைப்பையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் இல்லாமல் அவர் படி இறங்கமாட்டார். செருப்பு அறுந்தால் டேப். குடை முறிந்தால் டேப். அந்த வீட்டில் டேப் சுற்றாதது மனைவி வாய் ஒன்றுதான். அதற்கும் ஆசைதான். தைரியம் போதவில்லை.

அன்றைக்கு மிக்ஸி புகைவிட்டு மூச்சை நிறுத்தியது.

"ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கிடலாமே?"

டேப் சார் சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்தார். அதுவே அதிசயம். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அந்த நாற்காலியும் அவரும் ஒரே பொருள்.

"புதுசா? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் குப்பைமேடு வானத்தைத் தொடுது! இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு கரண்டிகூட நுழையாது. எது கெட்டாலும் நானே பாத்துக்கறேன்!"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!"

"சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபத்தில் சரி சொன்னதே கிடையாது. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மிக்ஸியின் வயிற்றைப் பிரித்தார். கருகிய ஒயரை வெட்டினார், இணைத்தார், டேப் சுற்றினார். மூடிய பிறகு கொஞ்சம் திருகாணி மிச்சம்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது!"

மிக்ஸி ஓடியது. ஆனால் மறுநாள் நின்றது. டேப் சார் வந்து அதன் தலையில் கை வைத்தார். ஓடியது. கையை எடுத்தார். நின்றது.

"ஐயோ, என்ன கைராசிங்க உங்களுக்கு! நான் தொட்டா முறைக்குது, நீங்க தொட்டா சிரிக்குது!" மனைவி சுவரில் சாய்ந்து, கைகளைப் பின்னால் கட்டி, பயபக்தியோடு நின்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரைத்தார். அரைப்பதற்கு முன்னால் உரிக்க வேண்டுமே? உரித்தார். அடுத்து வாஷிங் மெஷின் மக்கர் செய்தது. அதைப் பிரித்து மூடியதும், அவர் மேலே ஏறி உட்கார்ந்தால்தான் சுற்றுவேன் என்று அடம்பிடித்தது. உட்கார்ந்தார். மனைவி அங்கேயும் சுவரோரம் பயபக்தியோடுதான் நின்றாள். துவைத்து முடிந்ததும் ஈரத்துணிக்குப் பக்கத்தில் இருந்த ஆள் அவர்தான். காயப்போட்டார். முதல் நாளுக்குப் பிறகு, ஓடுகிற மிக்ஸியிலிருந்து நடுவில் கையை எடுத்துப் பார்க்கும் துணிச்சல் மட்டும் வரவே இல்லை.

சாய்வு நாற்காலி சும்மா கிடந்தது. ஒரு பொருள் வீணாகலாமா? மனைவி அதை மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

தெருவில் டேப் சாரின் நெஞ்சு ஓரங்குலம் ஏறியிருந்தது. "நான் தொட்டாதான் ஓடும் சார். மிஷினுக்கும் நன்றி இருக்கு."

பக்கத்து வீட்டு வங்கிக்காரர், திருகாணி தளர்ந்தாலே புதுசு வாங்குகிற ரகம். "சும்மா அளக்காதீங்க சார்!"

"அப்ப வாங்க, இப்பவே காட்டறேன்!"

கேட்டருகே வங்கிக்காரருக்குப் போன் வந்தது. டேப் சார் முன்னால் போனார். சமையலறையை எட்டிப் பார்த்தார்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தன்னந்தனியாக. ஜோராக. மனைவி பக்கத்தில் நின்று வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், அவரைப் பார்த்தாள். பதறவில்லை. சுவரில் சாய்ந்தாள், கைகளைப் பின்னால் கட்டினாள்.

டக்.

மிக்ஸி நின்றது.

அந்த முதுகுக்குப் பின்னால் சுவரில் என்ன இருக்கிறது என்று டேப் சார் முதல்முறையாக யோசித்தார்.

"அடிப்பாவி! சுவிட்ச்சா?"

"எங்க சார், கை வைங்க பாக்கலாம்!" வங்கிக்காரர் உள்ளே வந்துவிட்டார். "ஓடலைன்னா தெரு முழுக்கச் சொல்லுவேன்!"

டேப் சார் மனைவியைப் பார்த்தார். வங்கிக்காரரைப் பார்த்தார். மெல்லக் கையை வைத்தார்.

டக். ஓடியது. வங்கிக்காரர் வாயைப் பிளந்தார்.

மனைவி நாற்காலிக்குப் போகிற வழியில் புருஷனின் காதருகே குனிந்தாள்.

"முதல் நாளே நல்லாத்தாங்க ரிப்பேர் பண்ணிட்டீங்க. கையை எடுத்துடாதீங்க, அவர் பாத்துட்டிருக்காரு."