பொன்னேருக்குப் பூட்டாத கலப்பை

ஒன்றைக் கழற்றத் தெரிந்தால் மாட்டவும் தெரிந்த மாதிரிதான் என்று நினைப்பது என் பிறவிக் கோளாறு. இந்தக் கோளாறோடுதான் நான் முன்னுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்தது ஐந்தாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி நடந்த நாட்களில் நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனுக்கு இன்றைக்கு மூன்று டிராக்டர், ஒரு கதிரடிக்கும் மிஷின், ஊரில் பெரிய வீடு. மம்சாபுரம் டீக்கடைக்குப் போனால் எனக்குப் பெஞ்சைத் துடைத்துவிடுவார்கள். (துடைக்காவிட்டாலும் நகர்ந்து உட்காருவார்கள்.) எவன் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன், என் வீட்டைத் தவிர. வீட்டில் சொன்னால் என் பெண்டாட்டி ராமலட்சுமி வாயைத் திறக்கமாட்டாள். வலது கையை நீட்டி, காற்றில் ஏதோ ஒரு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு குலுங்குவார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்காது.

எண்பதுகளின் கடைசியில் நடந்த சமாச்சாரம். இராஜபாளையத்தில் ஒரு பெரிய மனிதரின் தென்னந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்த சின்ன டிராக்டர் விலைக்கு வந்தது. பெரிய டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பேரன் மாதிரி இருக்கும். அதற்கேற்ற மாதிரி, மண்ணைக் கிளற ஐந்து கொத்து வைத்த கலப்பை ஒன்று. என்னிடம் இருந்ததை எல்லாம் துடைத்துப் போட்டும் எட்டவில்லை. என் மாமனார் வேலுச்சாமி தன் உழவு மாடுகளை விற்றுக் கொடுத்தார். ஒன்று செவலை, ஒன்று மயிலை. மம்சாபுரத்தில் அந்த ஜோடியைத் தெரியாத ஆள் கிடையாது.

தெரிவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் சித்திரை பிறந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவார்கள். விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் எல்லாரும் ஊருக்குக் கிழக்கே ஒரே புஞ்சையில் வரிசையாக ஏரைப் பூட்டி, நல்ல நேரத்துக்குள் ஒரு சுற்று உழ வேண்டும். வருசத்தின் முதல் உழவு அதுதான். முதல் ஏர் என் மாமனாருடையது. அவருக்குப் பணம் கிடையாது, பதவி கிடையாது, வருசத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஊருக்கு முன்னால் நடக்கிற அந்த மரியாதை மட்டும் உண்டு. அது போனால் அவரிடம் வேறு எதுவும் இல்லை.

மாட்டைப் பிடித்துப்போன மறுநாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பொன்னேருக்கு என்ன செய்வது?

"டிராக்டர வச்சுப் பூட்டுவோம் மாமா. நீங்கதான் முன்னால. ரெண்டு மாட்டப் பூட்ட எம்புட்டு நேரமாகும் உங்களுக்கு? அதுல பாதி போதும் எனக்கு," என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நம்பினார். பெண்ணைக் கொடுத்தபோதும் அப்படித்தான் பார்த்தார் என்று ராமலட்சுமி பிற்பாடு சொன்னாள்.

எனக்கு ஏன் அவ்வளவு தைரியம் என்றால், டிராக்டரைக் கொண்டுவந்து விட்ட தோப்பு டிரைவர் கலப்பையை எங்கள் வாசலில் வைத்து மாட்டிக் காட்டினார். அப்போது நான் தெருக்காரர்களுக்கு அது எத்தனை குதிரைச் சக்தி என்று விளக்கிக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. (ராமலட்சுமி பார்த்தாள். இடுப்பில் குடத்தோடு நின்று கடைசிவரை பார்த்தாள்.) ஆனால் பொன்னேருக்கு முதல் நாள் கலப்பையை நானே கழற்றினேன். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு இரும்புக் கைகள், நுனியில் ஆளுக்கொரு கண். கலப்பையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடியாக முளை. முளை கண்ணுக்குள் இருக்கும், வெளியே வராமல் ஒரு சின்னப் பின். மேலே மூன்றாவதாக ஒரு தண்டு, அதற்கு ஒரு பின். மூன்று பின்னையும் உருவினேன், வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தேன், கலப்பை தரையில் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்படியானால் மாட்டுவதும் ஒரு நிமிடம்தானே? கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

ஏன் கழற்றினாய், மாட்டியபடியே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வழக்கம் குறுக்கே நிற்கிறது. வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போனால் அது பொன்னேர் ஆகாது. மாடு தனியாக வர வேண்டும், கலப்பை தனியாக வர வேண்டும், புஞ்சையில் கிழக்குப் பார்த்து, நல்ல நேரத்துக்குள், ஊர் பார்க்கப் பூட்ட வேண்டும். எனவே கலப்பை மாட்டு வண்டியில் ஏறிப் போயிற்று. நான் டிராக்டரில் பின்னால் போனேன். மாடு பார வண்டி இழுக்க, டிராக்டர் வெறும் கையை வீசிக்கொண்டு போனதைப் பார்த்து வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள். விவரம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டேகால். கூட்டத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவன் நான் ஒருத்தன்தான். முந்தின இரவு பெய்த கோடை மழையில் புஞ்சை பொதபொதவென்று இருந்தது. பத்துப் பதினைந்து ஜோடி மாடுகள் வரிசையில் நின்றன. முன்னால் என் டிராக்டர். அதன் பக்கத்தில் என் மாமனார், வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு. பின்னால் தரையில் மாலை போட்ட கலப்பை, அதன் ஓரத்தில் பெண்கள் வைத்த விளக்கும் படையல் இலையும். வரிசையின் கடைசியில் குருவையா என்று ஒரு சின்னச் சம்சாரி. செவலையையும் மயிலையையும் வாங்கியவர் அவர்தான்.

நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். முதல் தடவை கலப்பைக்கு ஒரு முழம் இடது பக்கம் போய் நின்றேன். இரண்டாம் தடவை ஒரு முழம் வலது பக்கம். மூன்றாம் தடவை நேராகப் போய்க் கலப்பையை இடித்துத் தள்ளினேன். கூட்டம் அதுவரை மரியாதையாகத்தான் இருந்தது. நான்காம் தடவை யாரோ பின்னாலிருந்து, "ஏலே, மூக்கணாங்கயிறு இருந்தா புடிச்சு இழுத்துரலாம்," என்றான்.

ஒரு வழியாக இடது கை முளைக்கு நேராக வந்தது. இறங்கிப் போய்க் கண்ணை முளையில் தள்ளினேன். போகவில்லை. குனிந்து பார்த்தால், கண் அடைத்திருந்தது. காலையில் என் மாமியார் வீட்டுப் பெண்கள் டிராக்டருக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். மாட்டுக்குக் கொம்பில் வைப்பார்கள். இதற்குக் கொம்பு எது என்று தேடி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் கண்டுபிடித்து, நுனியில் உருண்டை உருண்டையாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். வெயிலில் அது காரை மாதிரி இறுகியிருந்தது. பின்னை வைத்துக் குத்தி, நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒரு கிழவர் சாமிக்கு வைத்த சந்தனத்தைச் சுரண்டலாமா என்று வருத்தத்தோடு கேட்டார். நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

இடது பக்கம் மாட்டியாயிற்று. எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன், யாராவது பாராட்டுவார்கள் என்று. அந்தப் பக்கம் போனால் வலது முளை கண்ணுக்கு ஆறு விரல்கடை கீழே கிடக்கிறது. ஈர மண்ணில் கலப்பையின் வலது பக்கம் இறங்கிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கினால் முளை முன்னால் போகிறது, அழுத்தினால் பின்னால் போகிறது. ஆளாளுக்கு யோசனை. கலப்பையைத் தட்டிக் கொடுங்க என்றார் ஒருத்தர். டிராக்டருக்குத் தண்ணி காட்டினீங்களா என்றார் இன்னொருத்தர். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

அப்போது ராமலட்சுமி பெண்கள் கூட்டத்திலிருந்து பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஏங்க, அந்த வலது கைக்கு மேல ஒரு கைப்பிடி இருக்கு பாருங்க. அன்னைக்கு அந்தத் தோப்பு டிரைவரு அதத்தான் சுத்துனாவ."

பத்துச் சம்சாரிகள் முன்னால் பெண்டாட்டி சொல்லி டிராக்டரைப் பூட்டினான் என்ற பெயர் எனக்கு வேண்டுமா? "ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? போயி வெளக்கப் பாரு," என்றேன். அவள் போய்விட்டாள். என் வாழ்க்கையில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கும் வார்த்தைகள் பல உண்டு. முதல் இடம் இதற்குத்தான்.

மாமனார் பக்கத்தில் வந்து மணி கேட்டார். எட்டு ஐந்து. "ஏழே முக்காத்தான் மாமா, செத்த நேரம் பொறுங்க," என்றேன். ஊருக்கே அதுதான் மணி. யாரும் சந்தேகப்படவில்லை. கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம். லிப்டைப் போட்டால் இரண்டு கையும் மேலே தூக்கும், அந்த வேகத்தில் வலது பக்கம் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று சீட்டில் ஏறி லீவரை இழுத்தேன். மாட்டியிருந்த இடது பக்கம் மட்டும் மேலே எழும்பியது. மாட்டாத வலது பக்கம் மண்ணிலேயே இருந்தது. ஐந்து கொத்துக் கலப்பை, மாலையும் பொட்டுமாக, நாய் காலைத் தூக்குகிற கோலத்தில் ஊருக்கு முன்னால் நின்றது. கோலம் பொருந்தியதோடு விடவில்லை. அது தூக்கிய காலுக்கு நேர் கீழே படையல் இலை இருந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் மூடவில்லை. பதறிப்போய் கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எட்டே பத்துக்கு எங்கள் ஊரைத் தாண்டுகிற பஸ். மற்ற நாளெல்லாம் ஒன்பதுக்கு வரும். அன்றைக்குப் பார்த்துச் சரியான நேரத்துக்கு வரலாம் என்று அந்த டிரைவருக்குத் தோன்றியிருக்கிறது. எல்லாரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். பிறகு என் சட்டைக்கையைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஏர் நகராமல் மற்ற ஏர் நகரக்கூடாது. இன்னும் ஐந்து நிமிடம். ஊரே என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. நான் சாவியைத் திருகுகிறேன், வண்டி இருமுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தனக் கையால் கண்ணைத் துடைத்ததில் அது இன்னும் எரிந்தது.

அந்த நேரத்தில் வரிசையின் கடைசியில் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தால், செவலையும் மயிலையும் குருவையாவை இழுத்துக்கொண்டு வருகின்றன. அவர் பிடித்துப் பார்க்கிறார், நிற்கவில்லை. யாரும் விரட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பூட்டிய ஏரோடு ஒவ்வொரு ஜோடியாகத் தாண்டி, டிராக்டரையும் தாண்டி, அதற்கு முன்னால் போய்க் கிழக்குப் பார்த்து நின்றன. வருசா வருசம் அவை நின்ற இடம் அது.

குருவையாவுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, நான் ஓட்டியாரல. அதுகளா வந்திருச்சு. கோவிச்சுக்கிடாதீய," என்றார். அதோடு மேழியைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மாமனார் துண்டை இடுப்பில் கட்டினார். மேழியைப் பிடித்தார். அவர் நாக்கைத் தட்டும் முன்பே மாடுகள் கிளம்பிவிட்டன. பின்னால் ஊர் ஏரெல்லாம் கிளம்பியது. அத்தனை ஏரும் டிராக்டரைக் கண்டு கொஞ்சம் ஒதுங்கி, நட்டுவைத்த கல்லைச் சுற்றிப் போவது போல என்னைச் சுற்றிப் போயின. காலையில் எனக்குப் போட்ட மாலையோடு சீட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். இறங்குவதா இருப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

எல்லாரும் அந்தக் கோடிக்குப் போன பிறகு ராமலட்சுமி வந்தாள். படையல் இலையை நகர்த்திவிட்டு, லீவரைத் தள்ளிக் கலப்பையைத் தரையில் இறக்கினாள். கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். வலது கை இறங்கி முளைக்கு நேராக வந்தது. வெண்ணெயில் விரல் போவது போலப் போயிற்று. பின்னைப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனாள். மணி எட்டு இருபத்திரண்டு. (அதைச் சரியாகப் பார்த்தேன்.)

சுற்று முடிந்து மாமனார் வந்தார். மாடுகளின் கழுத்தைத் தடவி, கயிற்றைக் குருவையா கையில் கொடுத்தார். என் பக்கம் வந்து, "மாடு எடத்த மறக்கல மாப்ள," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் ஜெயித்ததெல்லாம் தனிக்கதை. அந்தச் சின்ன டிராக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மடவார் வளாகம் வரைக்கும் போய் உழுதது. அடுத்த சித்திரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டப் பழகினேன். பொன்னேருக்கு முன்னால் மாமனாரை வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டு, கடிகாரத்தை அவர் கையிலேயே கொடுத்து, கழற்றி மாட்டிக் காட்டினேன். இரண்டு நிமிடம். அவர் குனிந்து மூன்று பின்னையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நல்லா மாட்டிருக்கீய மாப்ள. அப்படியே நிக்கட்டும்," என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குருவையா வீட்டுக்கு மாடு கேட்கப் போனார். சாகும்வரை வருசா வருசம் அப்படித்தான் போனார்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் புதிதாக எதைச் செய்து காட்டினாலும் அதுதான் பதில். போன மாதம் என் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கலாம் என்று ஒரு பெரிய கல்லே கொண்டுவந்து இறக்கினேன். ராமலட்சுமி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எழுத்தைத் தடவிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, அப்படியே நிக்கட்டும் என்றாள்.

கல் கிணற்றடியில் கிடக்கிறது. என் பெயரின்மேல் துணி துவைக்கிறார்கள்.