தொங்கல் அண்ணாச்சியின் பெயிண்ட் டப்பா

காலை பத்து நாற்பதுக்கு என் மகள் ஒரு பெயிண்ட் டப்பாவை நம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். முழுக் காரணம், தென்காசி வட்டாரத்தில் கம்பி என்றால் எதையும் நம்பாத ஒரே மனிதரான தொங்கல் அண்ணாச்சி.

குற்றாலம் சாலையில் நாங்கள் கட்டும் வீட்டுக்கு அவர்தான் இன்ஜினியர். எந்தக் கம்பி வந்தாலும் ஒரு துண்டைச் சின்ன பெயிண்ட் டப்பாவில் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுவார். இறுகியதும், மாடிப்படிக்காக மேல்தளத்தில் விட்ட திறப்பின் குறுக்கே பலகைகள் போட்டு, இடுக்கு வழியாகக் கம்பி கீழே இறங்கும்படி டப்பாவைக் கவிழ்த்து வைப்பார். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் குறுக்கே ஒரு குழாயை முடுக்கி, வேட்டியை மடித்துக் கட்டித் தொங்குவார். கீழே மணல் குவித்திருக்கும். கம்பி வழுக்கினால் லாரி திரும்பிப் போகும். ஆலங்குளத்தில் ஒரு வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டபோது, தொங்கிக்கொண்டே "எலையப் போடுங்க, வாரேன்" என்றாராம்.

சிவில் படிக்கும் என் மகள் பளபளவென்று கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவந்தாள். அதிலும் ஒரு துண்டை டப்பாவில் ஊற்றி, மறுநாள் காலை பலகைமேல் ஏற்றிக் குழாயும் முடுக்கிவைத்தார் அண்ணாச்சி.

"சாரல்ல துருவே பிடிக்காது, அண்ணாச்சி."

"சரிட்டி, கான்கிரீட்ட விட்டு நழுவாதா? இரும்புக்கு வரிவரியாப் பல்லு இருக்கு, கடிச்சிக்கிடும். மணல் ஒட்டுன இழைக்கம்பின்னாலும் சரி. இது விலாங்கு மாதிரில்லா இருக்கு!"

"தொங்கிக் காட்டட்டுமா?"

"நேத்து ஊத்துனது, இன்னும் இறுகல. பொறு."

பொறுக்கவில்லை. எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம், முதல் மாடியில் அதற்கு நேர்கீழே இருந்த படித் திறப்பின் ஓரத்தில் ஸ்டூல் போட்டுக் குழாயை எட்டிப் பிடித்துவிட்டாள். ஸ்டூல் கீழே போய் விழுந்தது. மணலைப் பூச்சு வேலைக்கு அள்ளியிருந்தார்கள். கிடந்ததெல்லாம் உடைந்த செங்கல். இட்லித் தூக்கோடு மாடிக்கு ஏறிவந்த நான் அலறினேன்.

"அம்மா, கத்தாத! கத்துனா அதிருது!"

ஓரத்துக்கு வர ஒருமுறை ஆடினாள். கம்பி ஒரு விரல்கடை இறங்கியது. என் கை அவள் துப்பட்டாவுக்குக்கூட எட்டவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தேன்.

"சத்தமாச் சொல்லு தங்கச்சி, இங்கன ரேடியோ பாடுது."

"பிள்ளை தொங்குறா அண்ணாச்சி!"

வாயில் பாதி வடையோடு ஓடி வந்தார். இரண்டு கொத்தனார்கள் அவர் இடுப்பைப் பிடிக்க, வெளியே சாய்ந்து அவளை வளைத்துக்கொண்டார். கம்பி இன்னும் இறங்கியது. அவளோ குழாயை விடவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

வடையைத் துப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கம்பிய விடு தாயி. நான் பிடிச்சிருக்கேன்லா."